காசில் இருக்கும் மொழியும் காசைக் கொண்டுவந்தவர் மொழியும்

மாதம் ஒரு ஞாயிறு காரைக்குடியில் கூடும் நம் நாணயச் சேகரிப்புக் கூட்டத்தின் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

போன கூட்டத்தில் ஓர் அம்மன் காசை வைத்து நடந்த கூத்தை வராதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பல வருடமாக நம்மோடு வரும் பெரியவர் ஒருவர், வீட்டில் தெலுங்கு பேசுபவர், தன் தாத்தா காலத்துக் காசுகளைச் சிவப்புத் துணியில் பரப்பி வைத்திருந்தார். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்கள் வெளியிட்ட செம்புக் காசு. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானமாகக் கொடுத்த காசு. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, “ஐயா, நம்ம பக்கத்துக் காசுல ஏன் தெலுங்கு இருக்கு?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அவர் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ‘வந்தேறி’ என்ற சொல் வந்து விழுந்தது. அதற்கு ஒருவர் பதில் சொல்ல, இன்னொருவர் இந்தியை இழுக்க, அப்புறம் கட்சி, தேர்தல் என்று எங்கெங்கோ போய்விட்டது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. துணியின் நாலு முனையையும் சேர்த்து முடிந்துகொண்டு எழுந்து போனார். அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதைச் சொல்லாமல் இந்த மடலை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அடுத்த நாளே பொறுப்பாளர்கள் ஓர் அறிவிப்பு விட்டீர்கள்: இனிக் கூட்டத்தில் மொழி பற்றிய பேச்சே கூடாது. உங்கள் நோக்கம் புரிகிறது. ஆனால் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுபோல இருக்கிறது.

மொழியைப் பேசாமல் காசை எப்படிப் பேசுவது? முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நம்மில் பாதிப்பேர் முதலில் வாங்கியது ராஜராஜன் செம்புக் காசுதான். அதில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று இருப்பது நாகரி என்ற வடநாட்டு எழுத்தில். தஞ்சைப் பெரிய கோயில் சுவரெல்லாம் தமிழில் வெட்டிவைத்தவன் காசில் ஏன் நாகரியைப் போட்டான் என்று ஒரு மாலை முழுக்கப் பேசலாம். 1807-08 வாக்கில் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னையில் அடித்த கால் வராகன் என்ற வெள்ளிக்காசைப் பாருங்கள். ஒரு பக்கம் கோபுரம், அதைச் சுற்றி ஆங்கிலமும் பாரசீகமும். மறுபக்கம் பெருமாள், சுற்றிலும் தமிழும் தெலுங்கும். ஒரே காசில் நாலு மொழி. அதற்கு நூறு வருடம் கழித்து வந்த நிக்கல் ஓரணாவில் தெலுங்கு, வங்காளம், நாகரி, உருது எல்லாம் இருக்கும், தமிழ் இருக்காது. அதைப் பார்த்து எனக்கும் வருத்தம்தான். அந்த வருத்தத்தைக் கூட்டத்தில் சொல்லக்கூடாதா?

1998இல் மொரீசியஸ் புது ரூபாய் நோட்டு அடித்தபோது ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் கொதித்துப்போனார்கள். அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, தமிழைப் பழைய இடத்திலேயே வைத்து மறுபடி அச்சடித்தது. அதனால்தான் அந்த 1998 நோட்டைத் தேடி அலைகிறோம். அந்தச் சண்டையைச் சொல்லாமல் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேறென்ன சொல்வது?

ஆகவே நான் சொல்வது இதுதான்: காசில் இருக்கும் மொழியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவோம். காசைக் கொண்டுவந்தவரின் மொழியைப் பற்றிப் பேச வேண்டாம். புது 500 ரூபாய் நோட்டில் தேவநாகரி எண்கள் இருப்பதைக் காட்டுங்கள், எந்த வருடத்திலிருந்து என்று சொல்லுங்கள். அதை வைத்து யாருக்கு ஓட்டுப் போடுவது என்ற விவாதத்தை டீக்கடைக்குக் கொண்டுபோங்கள். அங்கே நானும் வருகிறேன், சும்மா இருக்கமாட்டேன்.

தமிழ்ப்பற்றைக் காட்டத்தானே பேசினோம் என்கிறார்கள் சிலர். தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டிய ஊர் இது. கம்பன் விழாவுக்கு வருடாவருடம் கூட்டம் கூடுகிற ஊர். இருபது பேர் உட்கார்ந்து காசு பார்க்கிற அறையில், எழுபது வயதுக்காரர் ஒருவரை எழுந்து போகவைத்துத்தான் அதை நிரூபிக்க வேண்டுமா? நம் ஐயாக்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போனவர்கள். அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டுதான் வரவு செலவு பார்த்தார்கள். வீட்டில் இன்றைக்கும் அடுக்கி வைத்திருக்கும் மங்குச் சாமானின் (எனாமல் பாத்திரங்களின்) பெயரே மலாய்க்காரர்களிடமிருந்து வந்தது. அங்கே நம்மவர்களையும் ‘வந்தவன்’ என்று சொன்னார்கள். அது எப்படி வலித்தது என்று ஆச்சிமார் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

பொறுப்பாளர்களே, அந்த அறிவிப்பைத் திருத்துங்கள். ஆளைப் பார்த்து மொழி, சாதி பேசினால் அன்றைக்கு அப்படிப் பேசியவர் தன் காசுகளைக் கட்டிக்கொண்டு கிளம்பட்டும். காசைப் பார்த்து மொழி பேசினால் நாற்காலியை இழுத்துப் போடுங்கள். பின்வரிசை நண்பருக்கு ஒரு வார்த்தை: உங்கள் வீடும் பெரியவர் வீடும் இரண்டு தெரு தள்ளித்தான். போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். கூச்சமாக இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். எனக்கும் அங்கே சொல்ல வேண்டியது இருக்கிறது.

அடுத்த ஞாயிறு என் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பத்து ரூபாய் நோட்டை எடுத்துவருகிறேன். ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட இந்திய நோட்டு, ‘பர்மாவில் மட்டும் செல்லும்’ என்று ஆங்கிலத்தில் மேலச்சு. ஆனால் முதல் முறை என்னுடையது வேண்டாம். அந்தப் பையன் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. சிவப்புத் துணியை முதலில் விரிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் வரிசையில் உட்காரும் ஓர் உறுப்பினன்