மோட்டார்களைத் திறந்து பார்த்தேன்

அன்புள்ள கண்ணா,

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. இரண்டு ரிமோட் கார் வண்டியிலும் ஒரு கீறல் இல்லை. நீ சுற்றிக் கட்டியிருந்த நேர்த்தியைப் பார்த்துவிட்டு அப்பா, பிரிக்கவே மனசு வரவில்லை என்றார். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. "தம்பிகிட்ட குடுத்துடும்மா. எனக்கு இனிமே நேரமில்லை." அவ்வளவுதான். சரி, வேலை இருக்கும். நான் எதுவும் கேட்கப் போவதில்லை.

தம்பியிடம் இன்னும் கொடுக்கவில்லை. அவன் தினமும் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறான். கொடுப்பதற்கு முன் மோட்டார்களை ஒரு முறை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பார்த்த பிறகு உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் சிவப்பு வண்டி. மோட்டார் ஷாஃப்ட் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரமான பினியனைக் கழற்றினால், பின்னால் ஷாஃப்டைச் சுற்றி முடியும் நூலும் கெட்டியாக இறுகிக் கிடக்கின்றன. இதைப் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும் என்று தம்பிக்குப் பாடம் எடுத்தவன் நீ. உள்ளே மின்சாரத்தைக் கொண்டுபோகும் கார்பன் துண்டுகளான பிரஷ் இரண்டும் பாதிக்கு மேல் தேய்ந்துபோயிருக்கின்றன. பிரஷ் குட்டையானால் ஸ்பிரிங்கின் அழுத்தம் குறையும், தொடுவதும் விடுவதுமாகப் பொறி பறக்கும், அந்தப் பொறி, பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூடேட்டரை அரிக்கும். உனக்குத் தெரியாததா? கம்யூடேட்டரில் செம்பு நிறமே தெரியவில்லை. கன்னங்கறுப்பு, நடுவில் ஒரு பள்ளம். மூன்று தகடுகளுக்கும் இடையிலுள்ள இடுக்குகளில் கார்பன் தூள் அடைத்துக்கொண்டிருந்தது. திறக்கும் வகை மோட்டார் என்பதால் பிழைத்தது. மூடிய டப்பா வகையாக இருந்திருந்தால் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இப்போது நன்றாக இருக்கிறது. மாமாவிடம் கொண்டுபோய் அவருடைய சின்ன லேத்தில் கம்யூடேட்டரை மெல்லிசாக ஒரு சீவு சீவினோம். இடுக்குகளை மரக்குச்சியால் சுத்தம் செய்து, புது பிரஷ் போட்டேன். பிறகு 2, 3 வோல்ட்டில் சுமையில்லாமல் கொஞ்ச நேரம் மெதுவாகச் சுற்றவிட்டேன். அப்படிச் செய்தால்தான் பிரஷின் முனை கம்யூடேட்டரின் வளைவுக்குப் படியும். புது பிரஷைப் போட்டவுடன் முழு பேட்டரியில் விரட்டினால் அது முனையில் மட்டும் தொட்டுக்கொண்டு எரியும். கடைசியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய். ஒரே சொட்டு. அதிகமானால் கம்யூடேட்டர் பக்கம் வழிந்து கார்பன் தூளோடு சேர்ந்து பசையாகிவிடும். க்ளீனர் ஸ்பிரே அடித்த பிறகு எண்ணெய் விட மறக்கக் கூடாது என்பதைத் தம்பிக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், உனக்கும் சொல்கிறேன். அழுக்கைக் கழுவும்போது அது பேரிங்கில் இருக்கும் எண்ணெயையும் சேர்த்துக் கழுவிவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். ரேடியோ இரைச்சலைத் தடுக்க நீ அப்போது வைத்த 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர்கள் மூன்றும் அப்படியே இருக்கின்றன. மோட்டார் இத்தனை பாடுபட்டும் ஒரு சால்டர் கூட விட்டுப்போகவில்லை. மாமா லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கை வேற யாருக்கும் வராது" என்றார். எனக்கு அன்று முழுக்க அதே நினைப்பு.

நீல வண்டிக்கு வருகிறேன். இதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

இதில் இருக்கும், பிரஷே இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரில் தேய்வதற்குப் பேரிங்கைத் தவிர ஒன்றும் இல்லை, அதனால் பராமரிப்பே வேண்டாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நீ அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவன் இல்லை. திறந்ததும் வார்னிஷ் கருகிய வாசனை. சுருளின் நிறம் ஒரு பக்கம் பழுப்பாக மாறியிருக்கிறது. பினியன் பக்க பேரிங்கை விரலில் மாட்டிச் சுழற்றினால் நறநறவென்கிறது. வெளியே எடுத்த ரோட்டாரின், அதாவது நடுவில் சுற்றும் காந்தத்தின், பிடிப்பு கைக்கே குறைவாகத் தெரிந்தது. மாமாவின் மீட்டரில் போட்டுப் பார்த்தால், சுமையே இல்லாமல் சுற்றும்போதும் முன்பைவிட அதிக ஆம்பியர் இழுக்கிறது, வேகமும் ஏறியிருக்கிறது. புதிதாக வந்த அன்று நீ எழுதி வைத்த அளவுகள் மூடியின் உட்பக்கத்தில் இன்னும் ஒட்டியிருக்கின்றன, அதனால்தான் ஒப்பிட முடிந்தது. வேகம் ஏறியதைப் பார்த்துத் தம்பி குதித்தான். அவனுக்குப் புரிய வைக்க வேண்டியிருந்தது: காந்தம் பலவீனமானால் அதே வோல்ட்டுக்கு மோட்டார் வேகமாகச் சுற்றும், ஆனால் இழுக்கும் பலம் போய்விடும். அந்தப் பலத்துக்காக இன்னும் அதிக மின்சாரம் வாங்கும், இன்னும் சூடாகும், காந்தம் இன்னும் பலவீனமாகும். வட்டிக்கு வட்டி மாதிரி ஏறிக்கொண்டே போகும்.

சூடுதான் கண்ணா. எல்லாம் சூடுதான். மின்சாரம் இரண்டு மடங்கானால் சுருளில் சூடு நான்கு மடங்கு. செம்பு 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் அதன் மின்தடை ஏறக்குறைய 30 சதவீதம் கூடும், அதனால் இன்னும் சூடு. சாதாரண நியோடைமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் போனாலே வலுவிழக்கத் தொடங்கிவிடும். மோட்டாருக்குள் வைப்பது அதைவிட அதிகம் தாங்கும் ரகம்தான், ஆனால் வெளி உறையில் 80 காட்டும்போது உள்ளே அதைவிட அதிகமாகத்தான் இருக்கும். ஒரு பேட்டரி முடிந்ததும் விரலை வைத்துப் பார். மூன்று நான்கு விநாடி வைக்க முடியவில்லை என்றால் 60 தாண்டிவிட்டது என்று பொருள், நிறுத்து. வெப்பமானித் துப்பாக்கி எதற்கு வாங்கினோம்? அதுவும் பெட்டியில்தான் வந்திருக்கிறது. அதன் செல் கசிந்து பச்சை பூத்துக் கிடக்கிறது. எவ்வளவு காலமாக அதை எடுக்கவே இல்லை?

பினியனை எண்ணினேன். 21 பல் இருந்த இடத்தில் 25. பல் கூடினால் மோட்டாருக்குச் சுமை கூடும். முன்பெல்லாம் ஒவ்வொரு பல்லாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் சூடு பார்த்துத்தான் அடுத்ததற்குப் போவாய். மெல்லிய காகிதத் துண்டை இரண்டு கியருக்கும் நடுவில் வைத்து இறுக்கிவிட்டு, காகிதத்தை உருவி எடுத்தால் சரியான இடைவெளி கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட நாளிலிருந்து நீ அதை விட்டதில்லை. இந்த முறை ஸ்பர் கியரோடு, அந்தப் பெரிய பல்சக்கரத்தோடு, பினியன் நெருக்கமாக இறுகியிருந்தது. பேரிங் நறநறத்ததற்கு அதுதான் காரணம்.

நேரமில்லை என்று எழுதியிருக்கிறாய். ஆனால் இந்த மோட்டார்கள் சும்மா கிடந்தவை இல்லை. ஒரு பேட்டரி முடிந்ததும் ஆறவிடாமல் அடுத்ததை மாட்டி, அதுவும் முடிந்ததும் அதற்கடுத்ததை மாட்டி ஓட்டியிருக்கிறாய். நிதானமாக ஓட்டினால் இந்த நிறம் வராது. வேலை முடிந்து வந்து எப்போது ஓட்டினாய்? இரவிலா? தூங்குகிறாயா? கூட ஓட்டிக்கொண்டிருந்த பையன்கள் இப்போதும் வருகிறார்களா, இல்லை தனியாகவா? போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். நான் நம்பிக்கொண்டுதான் இருந்தேன், மூடியைத் திறக்கும் வரை.

கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கேட்கிறேன். விடு.

அப்பாவுக்குக் கண் பரிசோதனை முடிந்தது, கவலைப்பட ஒன்றுமில்லை. தம்பிக்குத் தேர்வு வருகிறது. மற்றதையெல்லாம் அப்புறம் எழுதுகிறேன்.

இந்த நீல வண்டி புதிதாக வந்தபோது நடந்தது உனக்கு நினைவிருக்கும். மோட்டாரைப் பிடிக்கும் திருகு கொஞ்சம் நீளமாக இருந்தால் உள்ளே போய்ச் சுருளைக் கிழிக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கையில் ஸ்குரூடிரைவரோடு நின்ற மாமாவை நிறுத்தி, தகட்டின் கனத்தையும் திருகின் நீளத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து, வாஷர் போட்டுத்தான் முடுக்க விட்டாய். அப்போது நீ என் தோள் உயரம்கூட இல்லை. அப்படிப் பார்த்தவன் இப்படி விட்டிருக்கிறான் என்றால், காரணம் சோம்பல் இல்லை. அது எனக்குத் தெரியும். ஒரு தடவையாவது திறந்து பார்த்திருக்கலாம் என்று முதலில் கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை. மோட்டார் திக்கித் திக்கிக் கிளம்பும்போதாவது ரோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லும் சென்சார் கேபிளைப் பார்த்திருக்கலாம், அது மடிந்து ஒரு கம்பி விட்டுப்போயிருக்கிறது. ஒரு போன் செய்திருந்தால் மாமாவும் நானும் இங்கிருந்தே சொல்லியிருப்போம்.

முடிவு செய்துவிட்டேன். சிவப்பு வண்டி தம்பிக்கு. நீல வண்டியை அவனுக்குக் கொடுக்கப் போவதில்லை. புது ரோட்டாருக்கும் இரண்டு பேரிங்குக்கும் சென்சார் கேபிளுக்கும் சொல்லியிருக்கிறேன். சுருளை மாமா சோதித்துவிட்டார், வார்னிஷ் நிறம் மாறியிருந்தாலும் எங்கும் ஷார்ட் ஆகவில்லை, மூன்று ஃபேஸும் ஒரே அளவு காட்டுகின்றன. தப்பித்தது. எல்லாம் வந்ததும் பூட்டி, பழைய 21 பல் பினியனையே போட்டு, உனக்குத் திருப்பி அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. மோட்டாருக்கு மின்சாரம் போகும் ஏ, பி, சி கம்பிகளை இடம் மாற்றிவிடாதே. சென்சார் இல்லாத மோட்டாரில் இரண்டு கம்பியை மாற்றினால் திசை மாறும், அவ்வளவுதான். இதில் அப்படிச் செய்தால் கெட்டுவிடும். முதல் தடவை சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து மெதுவாகச் சுற்றிப் பார், சுமையில்லாமல் முழு த்ராட்டில் கொடுக்காதே.

பேட்டரிகளை நீ அனுப்பவில்லை என்பதைப் பார்த்தேன். பார்சலில் லிப்போ பேட்டரி அனுப்பக் கூடாது என்பதற்காக இருக்கலாம். வேறு காரணமாகவும் இருக்கலாம் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். எப்படியானாலும் அவற்றை முழு சார்ஜிலும் வைக்காதே, காலியாகவும் விடாதே, ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வை. உப்பியிருந்தால் தொடாதே, எனக்குச் சொல்.

வெப்பமானியின் செல் இருந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து புது செல் போட்டுவிட்டேன், வேலை செய்கிறது. அதையும் வண்டியோடு வைக்கிறேன். ஒரு பேட்டரி ஓட்டியதும் சூடு எவ்வளவு என்று பார்த்து எனக்கு அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம், எண் மட்டும் போதும். 55 என்றால் 55. நடுராத்திரியில் ஓட்டினாலும் சரி, அப்போதே அனுப்பு. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

அம்மா