ஒரு வாய்க்காலுக்கு 30 ஆண்டுகள்

அன்புள்ள அம்மிணிக்கு,

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நல்லபடியாக முடிந்த செய்தியோடு நீ எழுதியிருந்த கேள்வியை ஒரு வாரமாக மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் சிவில் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர அழைப்பு வந்திருக்கிறது. பெங்களூரில் ஓர் ஆலோசனை நிறுவனம் அதைப்போல இரண்டு மடங்கு சம்பளம் தருவதாகச் சொல்கிறது. எதற்குப் போவது என்று கேட்டிருக்கிறாய். நீர்வளப் பொறியியலில் ஆய்வை முடித்துவிட்டு இதே இடத்தில் திகைத்து நிற்கும் வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால், பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்; உன் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, நம் பக்கத்தில் பெண்பிள்ளைகளை அழைப்பதுபோல அம்மிணி என்றே எழுதியிருக்கிறேன்.

கல்லூரிக்கே போ என்பதுதான் என் எண்ணம். வீட்டுக்குப் பக்கம், விடுமுறை உண்டு என்று உன் அம்மா சொல்லும் காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் சொல்ல வரும் காரணம் வேறு. நீர்வளத்துறைப் பொறியாளர் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார். ஆலோசனை நிறுவனம் ஒப்பந்தம் முடிந்ததும் அறிக்கையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். விவசாயி அதே இடத்தில் இருப்பார், ஆனால் அவர் பார்ப்பது தன் மடையையும் தன் கிணற்றையும்தான். அதற்கே அவருக்கு நாள் போதாது. ஒரே வாய்க்காலின் பக்கத்தில் 30 ஆண்டுகள் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், ஒவ்வோர் ஆண்டும் புதிதாக அறுபது இளைஞர்கள் கைக்கு வருவதும், அளப்பதற்குக் கருவி இருப்பதும் கல்லூரி ஆசிரியருக்கு மட்டுமே வாய்க்கும். அப்படி வாய்த்ததை நான் பயன்படுத்தவில்லை. அதைத்தான் இந்தக் கடிதத்தில் உனக்கு விளக்கமாகச் சொல்லப்போகிறேன்.

கீழ்பவானி வாய்க்காலையே எடுத்துக்கொள்வோம். நீ அதன் கரையில் வளர்ந்தவள். 1948இல் தொடங்கி 1955இல் கட்டி முடித்த பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் அந்த வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. அவ்வளவு நிலத்துக்கும் ஒரே போகத்தில் நெல்லுக்குத் தண்ணீர் தர முடியாது என்பதால், ஓர் ஆண்டு ஒற்றைப்படை மதகுகளுக்கு நஞ்சை, இரட்டைப்படை மதகுகளுக்குப் புஞ்சை, மறு ஆண்டு மாற்றி என்ற முறை வந்தது. நஞ்சைப் போகத்தில் விநாடிக்கு 2,300 கன அடி வீதம் 120 நாள் திறந்தால் மொத்தம் சுமார் 23.8 டி.எம்.சி., அதாவது 2,380 கோடி கன அடி ஆகிறது. இதை அந்தப் போகத்துக்குரிய 1,03,500 ஏக்கரின் மேல் சமமாக நிறுத்தினால் 5 அடிக்குச் சற்று மேல் நிற்கும். அதாவது 1,600 மில்லிமீட்டர். நம் பகுதியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே சராசரியாக 700 மில்லிமீட்டர் அளவுதான். நெற்பயிர் இத்தனை தண்ணீரையும் குடிப்பதில்லை. அப்படியானால் மீதி எங்கே போகிறது? முதல் வகுப்பில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுவிட்டு, விடை சொல்லாமல் மாணவர்களை வெளியே அழைத்துப் போ.

மீதியின் ஒரு பகுதி 200 கிலோமீட்டர் மண்வாய்க்காலின் அடியிலும் கரையிலும் கசிகிறது. கொப்பு வாய்க்கால் என்னும் சிறு கிளைகளிலும் வயல்களிலும் இறங்குகிறது. ஓடைகளில் கசிவுநீராகச் சேர்ந்து கீழே இருப்பவர்களுக்குப் பாசனமாகிறது. நம் கொங்கு நிலத்தின் அடியில் இருப்பது கடினப்பாறை. மேலே உள்ள சிதைவுப் பாறை அடுக்கில் நூற்றுக்கு 2 பங்கு அளவுக்கே தண்ணீர் தங்க இடம் இருந்தால், 10 சென்டிமீட்டர் நீர் உள்ளே இறங்கினாலே கிணற்று மட்டம் 5 மீட்டர் ஏறிவிடும். வாய்க்காலில் தண்ணீர் விட்ட சில வாரங்களில் கிணறு பொங்குகிறது என்று உன் பாட்டி சொல்லக் கேட்டிருப்பாய். அந்தப் பேச்சுக்குள் இருக்கும் கணக்கு இதுதான்.

வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடுவதா வேண்டாமா என்ற சர்ச்சை இந்தக் கசிவைச் சுற்றித்தான் நடக்கிறது. 700 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சீரமைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஆயக்கட்டு, அதாவது இந்த வாய்க்கால் பாயும் நிலத்துக்காரர்கள், இரண்டாகப் பிரிந்து நிற்பதை நீயே பார்த்திருக்கிறாய். கரை பழுதாகி உடைகிறது, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருவதில்லை, ஆகவே தளம் வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். தளம் போட்டால் கசிவு நின்றுவிடும், கிணறும் ஆழ்குழாயும் வற்றும், குடிநீரும் போகும் என்கிறார்கள் மறுசாரார். இருவர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் எந்த மைல்கல்லிலிருந்து எந்த மைல்கல் வரை எவ்வளவு கசிகிறது, அதில் எவ்வளவு கிணற்றுக்குப் போகிறது, எவ்வளவு யாருக்கும் பயனின்றிப் போகிறது என்று நீண்ட நாள் அளந்த எண்ணை நடுவில் எடுத்து வைக்க ஒருவர் வேண்டும். அந்த எண் இல்லாத இடத்தில் குரல் உரத்தவர் பேச்சுத்தான் எடுபடும்.

அப்படி ஒரு கூட்டத்தில் நானும் இருந்தேன். ஓய்வு பெற்ற பேராசிரியர் என்று முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, “ஏனுங்க சார், நீங்க முப்பது வருசமா இங்கதான இருந்தீங்க? எங்க கெணத்துக்கு வாய்க்காத் தண்ணி எவ்வளவு வந்துதுன்னு ஒரு கணக்கு எழுதி வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, இருந்தால் எடுத்துக் கொடுங்கள் என்ற குரலில் கேட்டார். என்னிடம் இருந்தது நான்கு ஆண்டுக் கணக்கு மட்டுமே. இருபத்திரண்டு கிணறுகளை மாதம் ஒருமுறை மாணவர்களோடு போய் அளந்துவந்தேன். ஐந்தாம் ஆண்டு துறையில் அங்கீகாரக் குழு வருகைக்கான கோப்பு வேலை வந்தது, பிறகு எனக்குப் பதவி உயர்வுக்குக் கட்டுரைகள் தேவைப்பட்டன, ஒரு மாதம் விட்டது ஆறு மாதமாகி, அப்படியே நின்றுபோயிற்று. அதே காலத்தில் நான் வெளியிட்ட கட்டுரைகளில் பாதிக்கு மேல், வேறு நாட்டு ஆறுகளின் தரவை எடுத்துக் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்தவை. அவை தவறான கட்டுரைகள் அல்ல. ஆனால் அந்தப் பெரியவரின் கேள்விக்கு அவற்றில் ஒரு வரிகூட விடை கிடையாது.

உன்னையும் அதே இழுப்பு இழுக்கும் என்பதால் வேலையின் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. இணைப் பேராசிரியராவதற்கு முனைவர் பட்டம், 8 ஆண்டு அனுபவம், அங்கீகரிக்கப்பட்ட இதழ்களில் 6 கட்டுரைகள் வேண்டும். தனியார் கல்லூரியில் இதற்கு மேல் கோப்பு வேலை, தேர்வுப் பணி, சில இடங்களில் மே மாதம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடு தேடிப் போய் சேர்க்கைக்குப் பேசுவது வரை உண்டு. விதியில் உள்ள ஊதியம் எல்லா இடத்திலும் கைக்கு வருவதில்லை. சேருவதற்கு முன் சம்பளத்தை எழுத்தில் கேட்டு வாங்கு. கேட்பதில் கூச்சம் வேண்டாம். அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிடும்போது விடாமல் விண்ணப்பம் போடு. அந்த 6 கட்டுரைகளை நம் வாய்க்காலிலிருந்தே எழுது என்பதுதான் இதில் நான் சேர்த்துச் சொல்வது. பத்து ஆண்டுக் கிணற்று மட்டமும் மதகுவாரி நீரளவும் கையில் உள்ளவரைத் தேடி உலகத்தின் நல்ல ஆய்வாளர்களே வருவார்கள். மாதிரி ஓட்டத் தெரிந்தவர்கள் எங்கும் இருக்கிறார்கள், தரவு உள்ளவர்கள் குறைவு.

அளக்கும் முறையில் ஓர் எச்சரிக்கை. வாய்க்காலில் ஓரிடத்தில் நுழையும் நீரையும் சில கிலோமீட்டர் தள்ளி வெளியேறும் நீரையும், நீரோட்டத்தின் வேகத்தைக் காட்டும் ஓட்டமானியால் அளந்து கழித்தால் கசிவு கிடைத்துவிடும் என்று புத்தகத்தில் இருக்கும். கவனமாக அளந்தாலும் ஓட்டமானி அளவில் 5 சதவீதம் பிழை வரலாம். 2,300 கன அடியில் அது 115 கன அடி. குறுகிய தொலைவில் கசிவதே அதைவிடக் குறைவாக இருக்கலாம், அப்போது நீ அளந்தது கசிவா பிழையா என்று உனக்கே தெரியாது. ஆகவே அணையிலிருந்து வரும் முதன்மை வாய்க்காலான தலைப்பு வாய்க்காலில் நீண்ட தொலைவை எடுத்துக்கொள். கிளை வாய்க்காலில், தண்ணீர் நிறுத்திய பின், துறையின் அனுமதியோடு இரு பக்கமும் மண் கட்டி நீரைத் தேக்கி, மட்டம் நாளொன்றுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார். ஆவியாதலைக் கழித்தால் மிஞ்சுவது கசிவு. மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கரிடம் உட்கார்ந்து பேசு. அளவுகோலில் எத்தனை அடி நின்றால் கடைசி மடைக்கு எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. கிணற்று மட்டத்தோடு நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறனையும் சேர்த்து அளந்து வை. நொய்யலில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போய், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு விஷயம் முற்றிய கதையை நாம் அறிவோம். தண்ணீரின் அளவை மட்டும் படித்துத் தரத்தைப் படிக்காத என் தலைமுறைப் பொறியாளர்கள் அதில் பேசத் தகுதியற்று நின்றோம்.

இன்னொன்று, உனக்கு மட்டுமே உரியது. உங்கள் தோட்டம் இதே ஆயக்கட்டில் இருக்கிறது; உன் அப்பா தளம் கூடாது என்ற பக்கம் நிற்கிறார். ஊருக்குள் போனால் “யார் ஊட்டுப் புள்ள?” என்று கேட்பார்கள், சொன்னால் பல கதவு திறக்கும், சில கதவு சாத்தும். நோட்டின் முதல் பக்கத்திலேயே அதை எழுதிவிடு. உங்கள் கிணற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள், ஆனால் அதை அளப்பது வேறொரு மாணவராக இருக்கட்டும். அளவு அப்பாவின் பேச்சுக்கு மாறாக வந்தாலும் அதே எழுத்தில், அதே நோட்டில், அதே நாளில் பதிவாக வேண்டும். அது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவோடு நான் பேசத் தயாராக இருக்கிறேன், ஆனால் முதலில் நீயே பேசுவது நல்லது. நோட்டின் ஒரு படி கல்லூரி நூலகத்திலும் ஒரு படி பாசன சபையிலும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கட்டும்.

நீ கல்லூரியில் சேருவதாக முடிவெடுத்தால் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே. வழக்கம்போல ஆகஸ்ட் 15இல் தண்ணீர் திறந்தார்களானால், அதற்கு முன் வறண்ட கிணற்று மட்டத்தை ஒருமுறை அளந்தாக வேண்டும். திறந்த பின் அளந்தால் அந்த ஆண்டுக் கணக்குக்கு அடிப்படை இல்லாமல் போய்விடும். என் நான்கு ஆண்டு நோட்டுகளைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு கிணறுகளில் சில இப்போது மூடப்பட்டிருக்கும், சிலவற்றுக்குள் ஆழ்குழாய் இறக்கியிருப்பார்கள். இருப்பது எத்தனை என்று நாம் போய்த்தான் பார்க்க வேண்டும். அளவு நாடாவும் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயிலுக்கு முன் வா. முதல் கிணறு தலைப்பு வாய்க்காலிலிருந்து நடக்கும் தொலைவில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்