2024ஆம் ஆண்டறிக்கை: கோலமாவில் ஒரு செப்பாங்

தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

நம் தமான் குடியிருப்பின் மோட்டார் பந்தய ரசிகர் சங்கத்தினுடைய 2024ஆம் ஆண்டறிக்கையை வாசிக்கிறேன். செயலவை ஆறு முறை கூடியது. ஐந்து கூட்டங்கள் தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள் முடிந்தன. டிக்கெட் எந்தப் பக்கம் வாங்குவது என்ற ஒரு கூட்டம் மட்டும் நள்ளிரவைத் தொட்டது. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இவ்வாண்டின் நல்ல காரியம் என்று நான் கருதுவது குடும்ப நாள்தான். மகளிர் பிரிவினர் மண்டபத்துத் தரையில் மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தைக் கோலமாவால் வரைந்தார்கள். ஓர் எட்டுக்கு நூறு மீட்டர் என்று வைத்து, 5.543 கிலோமீட்டரையும் பிள்ளைகள் 55 எட்டில் நடந்து முடித்தார்கள். வளைவுகள் 15; வலப்பக்கம் திரும்புபவை பத்து, இடப்பக்கம் ஐந்து. பல வருடமாகத் தொலைக்காட்சியில் பார்த்தும் பிடிபடாத ஒன்று அன்று எனக்குக் காலால் பிடிபட்டது. ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஹெர்மன் டில்கே இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளை அருகருகே போட்டு, இடையில் கொண்டை ஊசி போல 15ஆம் வளைவை மடக்கியிருக்கிறார். இரண்டு பாதைக்கும் நடுவில் முதுகோடு முதுகு ஒட்டிய பார்வையாளர் அரங்கம். எழுந்து திரும்பினால் போதும், வண்டிகள் மறுபடி வருகின்றன.

அந்த வளைவில் ஒருவர் முந்திவிட்டால் கதை முடிவதில்லை. பறிகொடுத்தவர் முன்வண்டியின் பின்னால் காற்று குறைந்த இடத்தில் ஒண்டிக்கொண்டு நேர்ப்பாதை முழுதும் வரலாம். முதல் வளைவில் கடைசி நொடி பிரேக் பிடித்து இடத்தை மீட்கலாம். முதல் வளைவு வலப்பக்கம் திரும்பும், இரண்டாவது இடப்பக்கம். ஆகவே முதலாவதில் உட்பக்கம் நுழைந்தவர் அடுத்ததில் வெளிப்பக்கம் மாட்டிக்கொள்கிறார். இதை இரண்டு சிறுவர்கள் மெய்ப்பித்துக் காட்டப் போய் மோதி விழுந்தார்கள். இரண்டாம் வளைவு முழுதும் அழிந்துபோனது. கோலம் போட்டவர்களிடம் சங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நவம்பர் 3ஆம் தேதி, மோட்டோ ஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்க செப்பாங் பயணம். தீபாவளி முடிந்து மூன்றே நாள் என்பதால் வீட்டில் விருந்தாளிகளை விட்டுவிட்டு எப்படி வருவது என்று சிலர் வருத்தப்பட்டார்கள், நியாயம்தான். ஆனாலும் பஸ் நிறைந்தது. முறுக்கு டின்கள் விமான நிலையச் சாலையை எட்டுமுன்பே காலியாகிவிட்டன. செம்பனைத் தோப்புகள் தொடங்கியதும், தோட்டத்தில் பிறந்த மூத்தவர்கள் வழக்கம்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கூரையுள்ள பிரதான அரங்கை விட்டுவிட்டு, முதலிரு வளைவுகள் தெரியும் பக்கம் டிக்கெட் வாங்கியது என் பிடிவாதம். மழை வரவில்லை. வந்திருந்தால் இந்த அறிக்கையை வேறொருவர் வாசித்துக்கொண்டிருப்பார். செப்பாங் மழை லேசுப்பட்டதல்ல: 2009இல் ஃபார்முலா 1 கார் பந்தயத்தையே 56 சுற்றில் 31ஆவது சுற்றோடு முடித்து, பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். பந்தயம் நின்றிருந்த வேளையில் ஓட்டுநர் கிமி ராய்க்கொனன் ஐஸ்கிரீம் சாப்பிட்டது இன்னும் நம் கூட்டங்களில் பேசப்படுகிறது.

முதல் சுற்றிலேயே இரண்டாம் வளைவில் மூவர் சிக்கிய விபத்து நடந்து, பந்தயத்தை நிறுத்தச் சிவப்புக் கொடி காட்டப்பட்டது. நல்லவேளை, பெரிய காயமில்லை. மறுபடி 19 சுற்றுகளாகத் தொடங்கியதும் பந்தய வீரர்கள் பக்னாயாவும் மார்ட்டினும் ஆரம்பச் சுற்றுகளில் முதலிடத்தை மாற்றி மாற்றிப் பறித்துக்கொண்டார்கள். ஒருவர் பாய்வார், அகலமாகப் போவார். மற்றவர் உள்ளே புகுந்துவிடுவார். நம் சிறுவர்கள் காட்டிய அதே கணக்கு. வென்றவர் பக்னாயா. என் பின்வரிசையில் இருந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர், “இவனுங்க கோலத்தை அழிக்கல” என்றார்.

2011 அக்டோபர் 23 அன்று செப்பாங்கின் பதினோராம் வளைவில் உயிரிழந்த மோட்டோ ஜிபி வீரர் மார்கோ சிமோன்செல்லியை நினைத்து, வழக்கம்போல் பஸ்ஸில் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தோம்.

ஃபார்முலா 1 மீண்டும் செப்பாங்குக்கு வர வேண்டும் என்று இளைஞர் பிரிவு ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறது. 1999 முதல் 2017 வரை 19 பந்தயங்கள் நடந்தன. ஆசை எனக்கும் உண்டு. 2012இல் கொட்டும் மழையில் நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன், தொடக்கத்திலேயே மழை டயரோடு கிளம்பி, பந்தயம் நிறுத்தப்பட்டபோது பத்தாவது இடத்தில் நின்றாரே, அதை யார் மறப்பது? ஆனால் பந்தயத்தை நடத்தும் செலவு ஏறியது, டிக்கெட் விற்பனை இறங்கியது. அதனால்தான் அரசாங்கம் கைகழுவியது. காலியான அரங்கத்துக்கு நாமும் ஒரு காரணம். கடைசி வருடங்களில் நம்மில் எத்தனை பேர் டிக்கெட் வாங்கினோம் என்பதை வருகைப் பதிவேடு சொல்லும். தீர்மானத்தை வாக்குக்கு விடுமுன் அதை ஒருமுறை புரட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2025இல் தீபாவளி அக்டோபர் 20, செப்பாங் பந்தயம் அக்டோபர் 26. இம்முறை ஆறு நாள் இடைவெளி இருக்கிறது. கூரை வேண்டும் என்பவர்கள் பெயரைத் தனித்தாளில் எழுதுங்கள்; மேசைமேல் வைத்திருக்கிறேன்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்