மலைப்பழம் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தக் குரல்பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கள் கடையில் விற்பது நாட்டு மலைவாழையே இல்லையாம், டிஷ்யூ கல்ச்சர் கன்றில், அதாவது ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்த்த கன்றில், காய்த்த ஹைபிரிட்டாம். முன்பின் தெரியாதவர் சொல்லியிருந்தால் விட்டிருப்போம். கடையிலேயே நின்று பழம் உரித்துத் தின்றுவிட்டுப் போனவர் சொல்கிறார்.

டிஷ்யூ கல்ச்சர் கன்றுதான், மறைக்கவில்லை. ஆனால் ஹைபிரிட் என்றால் இரண்டு ரகத்தைக் கலந்து புதிதாக ஒன்றை உண்டாக்குவது. இதில் கலப்பு எங்கே வந்தது? நாங்கள் விற்கும் மலைவாழை விருப்பாச்சி ரகம், அது பக்கக்கன்றில்தான் பெருகும். கீழ்ப்பழனி மலையில், பழைய காப்பித் தோட்டங்களுக்குள் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான் கைமாறி வந்தது. 1970களில் முடிக்கொத்து என்ற வைரஸ் நோய் வந்தபோது அதுவே வினையானது. கன்றைக் கொடுத்தவர் தெரியாமல் வைரஸையும் சேர்த்துக் கொடுத்தார். மிச்சத்தை, மரத்துக்கு மரம் வைரஸைப் பரப்பும் அசுவினிப் பூச்சி பார்த்துக்கொண்டது. நோய் கண்ட மரத்தில் இலை விரியாமல் குறுகி, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். அந்த மரத்தில் நல்ல தாரை எதிர்பார்க்க முடியாது. மருந்தும் கிடையாது, கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டியதுதான். தோட்டம் தோட்டமாக அப்படிப் போனது. பிறகு வேளாண் பல்கலைக்கழகத்தார் நோயில்லாத மரங்களைச் சோதித்து எடுத்து, அவற்றின் திசுவிலிருந்து கன்று வளர்த்துக் கொடுத்தார்கள். அதே விருப்பாச்சிதான் ஐயா, நோய் மட்டும் இல்லை.

நம்பாதவர்கள் ஒரு சீப்பை வீட்டில் வைத்துப் பாருங்கள். தோல் கறுத்துச் சுருங்கும், உள்ளே சதை நீர்விடாமல் கெட்டியாக இருக்கும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இந்தப் பழத்தையே தேடுவது அதனால்தான். கறுத்த பழத்தை உங்கள் தலையில் கட்டுகிறோம் என்றும் அந்தப் பதிவில் வருகிறதே, அதற்கும் பதில் இதுதான்.

மலையில் காட்டுமாடு புகுந்து தாரை நாசம் செய்கிறது, வெட்டுகூலியும் வண்டி வாடகையும் ஏறிவிட்டன. வரும் ஒன்றாம் தேதி முதல் பழத்துக்கு 2 ரூபாய் கூடும். வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதும் இப்போதைக்கு இல்லை.

பதிவைக் கேட்ட பிறகும் வழக்கம்போல் வந்து வாங்கியவர்களுக்கும், "நாங்க இருக்கோம், விடுங்கண்ணே" என்று சொல்லிப் போனவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. உங்களை நம்பித்தான் தோட்டக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம்.

லோடு வெள்ளிக்கிழமை காலை வரும். சஷ்டிக்கு முழுத்தார் வேண்டுமென்றால் புதன்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மலைப்பழக் கடைக்காரர்