சைக்கிள் நிலையத்தைச் சுற்றியுள்ள நிலத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நிலையத்தின் பூட்டிலிருந்து வாடகைக்கு எடுத்த வண்டியை இன்னொரு நிலையத்தின் பூட்டில் விட்டுச் செல்லும் பகிர்வு சைக்கிள் திட்டங்கள் சில நகரங்களில் தழைப்பதற்கும் சிலவற்றில் முடங்குவதற்கும் மக்களின் பழக்கமே காரணம் என்று வாதிட்ட கட்டுரையைத் தங்கள் நாளிதழில் படித்தேன். பழக்கத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே நகரத்தில், ஒரே பழக்கமுள்ள மக்கள் நடுவே, ஒரு நிலையத்தில் சைக்கிளுக்கு ஆள் காத்திருக்க, ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள இன்னொரு நிலையத்தில் வண்டிகள் தூசு படிந்து நிற்கின்றனவே, அதற்குப் பழக்கம் எப்படிக் காரணமாகும்? அந்தந்த நிலையத்தைச் சுற்றியுள்ள நிலம் எதற்குப் பயன்படுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

சுற்றியுள்ள நிலம் என்று நான் சொல்வது மிகச் சிறிய வட்டம். நாலைந்து நிமிட நடைக்கு மேல் என்றால் பெரும்பாலோர் சைக்கிளையே மறந்துவிடுவார்கள். 2007இல் வெலிப் என்ற பகிர்வு சைக்கிள் திட்டத்தைத் தொடங்கிய பாரிஸ் நகரம் ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் நிலையங்களை அமைத்தது இதனால்தான். ஆகவே, ஒரு வட்டாரம் முழுவதற்கும் 'குடியிருப்பு' என்று ஒரே வண்ணம் தீட்டும் மண்டல வரைபடம் இங்கே உதவாது. அந்த 300 மீட்டருக்குள் வீடு எத்தனை, அலுவலகம் எத்தனை, கடை, பள்ளி, ரயில் நிலைய வாசல் எங்கே என்று பார்க்க வேண்டும்.

அலுவலகங்கள் மட்டுமே நிறைந்த பகுதியில் காலை ஒன்பதேகால் மணிக்கு நின்று பார்த்திருக்கிறேன். சைக்கிளில் வந்த ஒரு பெண் நிலையத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வண்டியை உருட்டிக்கொண்டு போனார். எல்லாப் பூட்டிலும் வண்டி. காலியாகத் தெரிந்த ஒன்றில் முன்சக்கரத்தை இரண்டு முறை இடித்துப் பார்த்தார், அது பழுது. கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, வந்த வழியே அடுத்த நிலையத்தைத் தேடிப் போனார். அதே நேரத்தில், அவர் புறப்பட்டு வந்ததைப் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் நிலையங்கள் வெறுமையாகக் கிடக்கும். மாலையில் எல்லாம் தலைகீழ். இந்த ஏற்றவற்றத்தைச் சமன்செய்ய லாரியில் சைக்கிள்களை ஏற்றி இறக்கும் செலவு, வீட்டையும் வேலையையும் தனித்தனியே பிரித்து வைத்த நகரத் திட்டம் நம்மிடம் வசூலிக்கும் வட்டி என்றே எனக்குத் தோன்றுகிறது. கீழ்த்தளத்தில் கடையும் மேலே வீடும் பின்தெருவில் பள்ளியும் இருக்கும் இடத்தில் ஒருவர் வண்டி எடுத்துப்போன பூட்டில் இன்னொருவர் தம் வண்டியைக் கொண்டுவந்து விடுகிறார். லாரிக்கு அங்கே அதிக வேலையில்லை. பூங்கா ஓரத்து நிலையங்கள் விடுமுறை நாளில் விழித்துக்கொள்ளும். (நிலம் என்றால் மேடும் பள்ளமும்கூடத்தான்: மேட்டில் உள்ள நிலையங்களில் வண்டியைக் கொண்டுவந்து விடுபவர்களுக்குப் பாரிஸில் கூடுதல் இலவசப் பயண நிமிடங்களைப் பரிசாகக் கொடுத்தார்கள்.)

கட்டுரையாளர் பயண எண்ணிக்கையையே தேவையாக எடுத்துக்கொண்டதுதான் எனக்குப் பெரிய குறையாகப்படுகிறது. காலை எட்டு மணிக்குக் காலியாகிவிட்ட நிலையத்துக்கு எட்டரைக்கு வந்து, வெறும் பூட்டுகளைப் பார்த்துவிட்டு நடந்தே போனவரின் தேவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆண்டு முடிவில் அந்த அரை மணி நேரம் 'பயணம் பூஜ்யம்' என்று நிற்கும்; அதைப் பார்த்த அதிகாரி அங்கே தேவை இல்லை என்று முடிவு கட்டுவார். போதாததற்கு, முதல் நிலையங்களைக் கடைவீதியிலும் அலுவலக மையத்திலும் வைத்துவிட்டு, பிறகு கணக்கெடுத்து, வணிகப் பகுதியில்தான் தேவை அதிகம் என்று கண்டுபிடிக்கிறார்கள். புறநகர்க் குடியிருப்புக்கு நிலையமே வைக்காதபோது அங்கே பயணம் எப்படிப் பதிவாகும்?

பூட்டு நிலையமே வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்றால் இந்தச் சிக்கல் தீரும் என்போரும் உண்டு. 2016, 2017ஆம் ஆண்டுகளில் சீன நகரங்களில் அப்படித்தான் லட்சக்கணக்கான சைக்கிள்கள் இறங்கின. அவை மெட்ரோ வாசல்களிலும் அலுவலக வாசல்களிலும் நடைபாதையை அடைத்துக் குவிந்தன. நிலையத்தை எடுத்துவிட்டாலும், மக்கள் போகும் இடத்தை நிலம்தான் தீர்மானித்தது.

எனவே, பகிர்வு சைக்கிள் பற்றி அடுத்த முறை எழுதும்போது, எத்தனை பயணம் என்பதோடு, ஒவ்வொரு நிலையமும் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் காலியாகவும் எத்தனை மணி நேரம் நிரம்பியும் இருந்தது என்ற கணக்கையும் திட்டத்தை நடத்துவோரிடம் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு வாங்கி வெளியிடுமாறு வேண்டுகிறேன். பூட்டுகளில் உள்ள கருவிகள் அதை ஏற்கெனவே பதிவு செய்துகொண்டுதான் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்