சிவப்பு நூல் கட்டிய பென் டிரைவ்

பாளையங்கோட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ அழுததைக் கேட்டபின் எனக்கும் அம்மாவுக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. லேப்டாப்பைப் போட்டால் கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’, அதாவது எழும்ப எதுவும் கிடைக்கவில்லை, என்று ஒற்றை வரி வருகிறது என்றாய். கடைக்காரர் “ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தரேன், ஒரு மணி நேர வேலை” என்று சொன்னதாகச் சொன்னாய். நல்ல வேளை, கொடுக்காமல் எடுத்து வந்துவிட்டாய். இந்தப் பார்சல் கௌஹாத்தி வந்து சேர ஐந்தாறு நாள் ஆகும். அதுவரை அந்த லேப்டாப்பைத் தொடாதே. இப்போது வருகிறதா பார்ப்போம் என்று ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காதே. ஹார்ட் டிஸ்க் பழுதாகிக்கொண்டிருந்தால், அது ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் நமக்கு நஷ்டம்.

எல்லாவற்றையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் திரை முன்னால் உட்காரும்போது பதற்றத்தில் பாதி மறந்துவிடும். தாளாக இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதை அழித்துப் புதிதாக்குவது. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு அடிவயிறு கலங்கும். ஏன் என்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. 2006ஆம் வருஷம், நீ பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய். நம் கடையில் அப்போது நான்கு கம்ப்யூட்டர். கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்டும் தீசிஸும்தான் நமக்குச் சோறு போட்டன. முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு அம்மா, ஐந்து மாதமாக அத்தியாயம் அத்தியாயமாக வந்து மூன்றாவது மெஷினில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார். ஒரு நாள் காலை அந்த மெஷின் எழும்பவில்லை. கடையில் நல்ல கூட்டம். நான் விண்டோஸ் எக்ஸ்பி சிடியைப் போட்டேன், சி டிரைவை ஃபார்மட் செய்தேன், முக்கால் மணியில் மெஷின் ஓடியது. மை டாக்குமெண்ட்ஸ் சி டிரைவில்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த அவசரத்தில் நினைக்கவில்லை.

மாலையில் அவர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். திட்டவில்லை, அழவில்லை, கடை சாத்தும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அவரிடம் கையெழுத்துப் பிரதி இருந்தது. நானும் அம்மாவும் மாறி மாறி 42 இரவு உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்து கொடுத்தோம். ஆனால் திரையிலேயே திருத்தி எழுதிய பகுதிகள் கையெழுத்தில் இல்லை. அவை போனது போனதுதான்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு இன்ஜினியரிங் மாணவன் ‘க்நாப்பிக்ஸ்’ என்ற சிடியைக் கொண்டுவந்து காட்டினான். ஜெர்மனியில் கிளவுஸ் க்நாப்பர் என்பவர் 2000இல் ஆரம்பித்தது. 700 எம்பி சிடிக்குள் ஏறக்குறைய 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி அடைத்திருந்தார். சிடியைப் போட்டு மெஷினை ஆன் செய்தால், ஹார்ட் டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாமல் விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் முழுதாகத் திரையில் வந்து நின்றது. டிஸ்க்கில் இருந்த கோப்புகள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. இந்த சிடி இரண்டு வாரம் முன்னால் என் மேசையில் இருந்திருந்தால் அந்த அம்மாவின் ஐந்து மாதத்தையும் பத்து நிமிடத்தில் வெளியே எடுத்திருப்பேன். அன்றிலிருந்து நம் கடைக்கு எழும்பாத மெஷின் எது வந்தாலும், முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுப்பேன், அப்புறம்தான் ரிப்பேர். இதை ஒரு தடவைகூட நான் மாற்றிச் செய்ததில்லை.

சரி, பார்சலுக்கு வருகிறேன். உள்ளே இரண்டு பென் டிரைவ் இருக்கும். சிவப்பு நூல் கட்டியது 32 ஜிபி, அதிலிருந்துதான் லேப்டாப்பை எழுப்பப் போகிறாய். வெள்ளை நூல் கட்டியது 64 ஜிபி, காலியாக இருக்கிறது, உன் கோப்புகள் அதற்குள் போக வேண்டும். சிவப்பிலேயே இடம் மிச்சம் இருக்கிறதே என்று அதில் காப்பி செய்யப் பார்க்காதே. அதிலிருந்து லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பகுதி பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லித் திறக்க மறுக்கும். அதனால்தான் இரண்டாக அனுப்பினேன்.

சிவப்பில் இருப்பவை ஐஎஸ்ஓ கோப்புகள். ஒரு சிடியில் என்னென்ன எந்த வரிசையில் இருக்குமோ அதை அப்படியே ஒரே கோப்பாகப் பிடித்து வைத்தது. சிடியில் கோப்புகளை அடுக்கும் முறைக்கு 1988இல் ஐஎஸ்ஓ 9660 என்று ஒரு தரம் வந்தது, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. இப்போது சிடி டிரைவ் உள்ள லேப்டாப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும், ஆனாலும் அந்தப் பெயர் போகவில்லை. முன்பெல்லாம் ஒரு பென் டிரைவில் ஒரு லினக்ஸைத்தான் எழுத முடியும். இன்னொன்று வேண்டும் என்றால் அழித்துவிட்டு எழுத வேண்டும். 2020இல் வென்டாய் என்ற மென்பொருள் வந்த பிறகு அந்தத் தொல்லை போயிற்று. அதை ஒரு தடவை பென் டிரைவில் ஏற்றினால் போதும். மெஷினை எழுப்பும் பூட் வேலைக்கு 32 எம்பி ஒதுக்கிக்கொண்டு, மிச்ச இடத்தை நமக்கு விட்டுவிடும். அங்கே ஐஎஸ்ஓக்களைச் சாதாரணக் கோப்பு மாதிரி காப்பி செய்தால், பூட் ஆகும்போது அத்தனையையும் பட்டியலாகக் காட்டும். உனக்கு மூன்று லினக்ஸ் வைத்திருக்கிறேன்: பப்பி, ஆன்டிஎக்ஸ், சிஸ்டம்ரெஸ்க்யூ.

உனக்கு முதலில் வேண்டியது பப்பி. ஆஸ்திரேலியாவில் பேரி காலர் என்பவர் 2003இல் தொடங்கியது. நான் வைத்திருப்பது அதன் ஃபாசாபப் 9.5 பதிப்பு, மொத்தமே 400 எம்பிக்குச் சற்று மேல். உன் போனில் இருக்கும் ஒரு கல்யாண வீடியோ இதைவிடப் பெரிதாக இருக்கும். இது சிறியதாக இருப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. மொத்தத்தையும் ரேமில், அதாவது அணைத்தால் அழிந்துவிடும் தற்காலிக நினைவகத்தில், ஏற்றிக்கொண்டு அங்கேயே ஓடும். உன் 4 ஜிபி ரேம் அதற்குத் தாராளம்.

நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் தவசிப்பிள்ளை வந்து சமைப்பதைப் பார்த்திருக்கிறாய் இல்லையா? அண்டா, கரண்டி, சல்லடை எல்லாம் அவரோடு வரும். கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டி நூறு பேருக்குச் சமைத்துவிட்டு, வீட்டு அடுப்படிக்குள் கால் வைக்காமலே போய்விடுவார். பப்பியும் அப்படித்தான். லினக்ஸின் மையமான கெர்னலும் மற்ற சாமான்களும் பென் டிரைவிலிருந்து ரேமுக்கு வருகின்றன. சுருக்கிய மூலக்கோப்பு படிக்க மட்டும் திறக்கிறது. நீ செய்யும் மாற்றமெல்லாம் அதன்மேல் ரேமில் விரித்த இன்னொரு அடுக்கில் விழுகிறது. லேப்டாப்பை அணைத்தால் அந்த அடுக்கும் போய்விடும். நீயாகத் திறந்தால் ஒழிய உன் டிஸ்க் இருக்கிற இடத்தில் இருக்கிறபடி இருக்கும்.

இனி நீ செய்ய வேண்டியது. லேப்டாப்பைச் சார்ஜரில் செருகு. சிவப்பு நூலைச் செருகிவிட்டு ஆன் செய்து, உடனே எஃப்12 பொத்தானைத் திரும்பத் திரும்பத் தட்டு. உன் லேப்டாப்பில் அதுதான் என்று போன பொங்கலுக்கு நீ வந்தபோதே பார்த்து வைத்தேன். வெளி லினக்ஸ் எழும்புவதைத் தடுக்கக்கூடிய செக்யூர் பூட் என்ற அமைப்பையும் அன்றே அணைத்துவிட்டேன், உன் டிஸ்க்குக்குப் பிட்லாக்கர் பூட்டு இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். (உன் தோழிகள் யாருக்காவது இதைச் செய்து கொடுத்தால் இதை முதலில் கேள். டிஸ்க் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அது கையில் இல்லாமல் செக்யூர் பூட்டில் கை வைக்கக் கூடாது.) வரும் பட்டியலில் யுஎஸ்பியைத் தேர்ந்தெடு, வென்டாய் பட்டியலில் ஃபாசாபப்.

திரை வந்ததும் கீழே இடது ஓரத்தைப் பார். டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியும் எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்று சின்னப் படமாக நிற்கும். எஸ்டிஏ என்பது பெரும்பாலும் உன் ஹார்ட் டிஸ்க். ஆனால் ஹார்ட் டிஸ்க் தெரியாவிட்டால் பென் டிரைவே அந்தப் பெயரில் நிற்கும், ஆகவே அளவையும் பார். 32 ஜிபி பென் டிரைவைத் தவிர வேறொன்றுமே இல்லை என்றால் லேப்டாப்புக்கு டிஸ்க்கே தெரியவில்லை என்று அர்த்தம். அப்போது எதையும் முயலாமல் அணைத்துவிடு. ஊருக்கு வரும்போது துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டு வா, இங்கே கழற்றிப் பார்க்கிறேன். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலும் இதேதான், உடனே அணைத்துவிடு.

ஹார்ட் டிஸ்க் தெரிந்தால் மூச்சு விடலாம். அதில் பெரிய பகுதியைச் சொடுக்கு. விண்டோஸ் சரியாக அணையவில்லை என்று ஏதாவது எச்சரித்தால் படிக்க மட்டும் திறக்கச் சொல், நமக்கும் அதுதான் வேண்டும். யூசர்ஸ் என்ற கோப்புறைக்குள் உன் பெயர் இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. பப்பியில் நீதான் ரூட், அதாவது சர்வ அதிகாரமும் உன்னிடம். டெலீட் தட்டினால் தடுக்க யாரும் இல்லை. ஆகவே வெள்ளை நூலைச் செருகி அதற்குக் காப்பி மட்டும் செய், மூவ் செய்யாதே. சில கோப்புப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரியலாம். பதறாதே, பப்பியில் தமிழ் எழுத்துரு இல்லாததால் அப்படி. உள்ளே எழுத்துகள் பத்திரமாக இருக்கும்.

முழுக் கோப்புறையையும் ஒரே மூச்சில் இழுத்துப் போடாதே. பழுதான டிஸ்க்காக இருந்தால் உதவாத வீடியோவைக் காப்பி செய்யும்போதே உயிரை விட்டுவிடும். தீசிஸ் முதலில். அதற்கு அடுத்தது ஆச்சி பேசிய ஒலிப்பதிவுகள். கொரோனா சமயத்தில் நீ பக்கத்தில் உட்கார்ந்து தாலாட்டும் விடுகதையும் சொல்ல வைத்துப் பிடித்தாயே, அவை. நான் அவற்றுக்கு இன்னொரு காப்பி எடுத்து வைக்காமல் விட்டேன், அது என் மனதை அறுக்கிறது. அதன் பிறகு ஆய்வுத் தரவுகள், போட்டோ, மற்றவை. காப்பி முடிந்ததும் வெள்ளை நூலில் இருக்கும் தீசிஸைத் திறந்து கடைசிப் பக்கம்வரை உருட்டிப் பார். ஆச்சியின் பதிவில் ஒன்றைப் போட்டுக் கேள்.

ஏதாவது ஒரு கோப்பில் காப்பி அப்படியே நின்றுவிட்டால் அதோடு மல்லுக்கட்டாதே. அணைத்துவிட்டு என்னைக் கூப்பிடு. சிஸ்டம்ரெஸ்க்யூ அதற்குத்தான். அதில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு கருவி இருக்கிறது. எளிதாகப் படிக்க வருகிற இடங்களை எல்லாம் முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்று குறித்து வைத்துக்கொள்வதால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். ஆனால் அதில் மூலத்தையும் சேருமிடத்தையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் பாழ். தனியாகச் செய்யாதே, போனில் நான் கூட இருக்கிறேன்.

எல்லாம் எடுத்த பிறகு ஷட்டவுன் செய்யும்போது, இந்த வேலையைச் சேமிக்கவா என்று பப்பி கேட்கும். வேண்டாம் என்று சொல்.

அப்புறம் புது லேப்டாப் பற்றிப் பேசினாய். ஃபெல்லோஷிப் பணத்தில் இப்போது கை வைக்காதே. டிஸ்க்தான் போயிருக்கிறது என்றால் பழையதற்குப் பதில் எஸ்எஸ்டி என்ற புது வகை டிஸ்க் போட்டால் தீர்ந்தது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு நின்றுவிட்டது, உன் லேப்டாப் விண்டோஸ் 11க்கும் ஏறாது, உண்மைதான். அதற்காக 2017இல் வாங்கிய மெஷினைக் குப்பை என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் கடையில் இருக்கும் சின்ன நெட்புக்கை உனக்குத் தெரியும். ஆட்டம் என்270 என்ற பழைய 32 பிட் ப்ராசஸர், 1 ஜிபி ரேம். ஆன்டிஎக்ஸ் போட்டு இன்றைக்கும் அதில்தான் தெருக்காரர்களுக்கு மனு அடித்துக் கொடுக்கிறேன். அதே ஆன்டிஎக்ஸின் 64 பிட் பதிப்பு உன் சிவப்பு நூலில் இருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, வேர்ட் மாதிரி எழுத உதவும் லிப்ரேஆபீஸ் உள்ளேயே இருக்கும். பொங்கலுக்கு வரும்வரை அதிலேயே எழுது. ஒவ்வொரு முறையும் வெள்ளை நூலில்தான் சேமிக்க வேண்டும், டெஸ்க்டாப்பில் வைத்தால் அணைத்ததும் காணாமல் போய்விடும். உன் ஆய்வு வழிகாட்டிக்கு அனுப்பும் முன் அடிக்குறிப்புகள் இடம் மாறாமல் வந்திருக்கின்றனவா என்று ஒரு தரம் பார்த்துவிடு.

இரவு எத்தனை மணியானாலும் கூப்பிடு. அம்மா மனோகரம் செய்து பார்சலில் வைத்திருக்கிறாள், அதற்கு அடியில் பென் டிரைவ் இரண்டும் இருக்கும். எண்ணெய் படாமல் பாலிதீனில் சுற்றி நூல் போட்டிருக்கிறேன். கத்தரிக்கோலால் வெட்டாதே, முடிச்சை அவிழ்த்து எடு.

அன்புடன்,
அப்பா