பழைய பையில் புதிய தீனி: சின்சில்லா உணவு பற்றிய புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஆசிரியை,
காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
செல்லப்பிராணி உணவு நிறுவனம்.

பொருள்: சின்சில்லா (அணில்போலக் கொறித்துத் தின்னும் சிறு பிராணி) உணவுப் பையில் முன்னறிவிப்பின்றிப் பண்டத்தை மாற்றியதும், புகார் செய்தபோது பிராணியைப் பட்டினி போடச் சொன்னதும் குறித்து.

பார்வை: உங்கள் அலுவலகம் எனக்கு அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்கள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

"உங்கள் செல்லப்பிராணி தேர்ந்தெடுத்து உண்ணும் இயல்புடையது. ஒரு நாள் உணவு வைக்காமல் விட்டால் பசியில் தானாக உண்ணும்." என் முதல் புகாருக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதில் இவ்வளவுதான். அடியில் ஒரு சிரித்த முகப் பொம்மையும் இருந்தது. அந்தப் பதில் வந்த நேரத்தில் எங்கள் சின்சில்லா கூண்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. உங்கள் பேச்சைக் கேட்டு இன்னொரு நாள் காத்திருந்தேன் என்றால் இந்தக் கடிதத்தை வேறு விதமாக எழுத நேர்ந்திருக்கும்.

அதன் பெயர் கவுனி. உடம்பு முழுக்கக் கருஞ்சாம்பல் நிறம் என்பதால் கவுனி அரிசியின் பெயரை என் பேத்தி வைத்தாள். பெங்களூரில் வேலை பார்த்தவள் மேற்படிப்புக்கு வெளிநாடு போனபோது, "அப்பத்தா, இரண்டு வருடம் மட்டும்" என்று சொல்லி என்னிடம் விட்டுப்போனாள். சின்சில்லா பதினைந்து ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது என்பதை அவள் சொல்லவில்லை. பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். கவுனிக்கு 4 வயது, எனக்கு 67. யார் யாரைக் கவனித்துக்கொள்ளப் போகிறோம் என்பது இனிமேல்தான் தெரியும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கவுனி நாக்கு நீளம்தான். வந்த புதிதில் உலர்புல்லைத் தொடாது. தண்டு தடித்திருந்தால் ஒதுக்கும். தூசி இருந்தால் தும்மிவிட்டுத் திரும்பிக்கொள்ளும். நேற்று வைத்த புல்லை இன்று மோந்துகூடப் பார்க்காது. பெல்லட்டை, அதாவது அரைத்து அழுத்திய தீனிக் கட்டியை, இரண்டு கையாலும் வாங்கி, உருட்டிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் மாப்பிள்ளை வீட்டார் பலகாரத்தட்டைத் தள்ளுவதுபோலத் தள்ளிவிடும். வந்தவர்களை வற்புறுத்தி இலையில் இன்னும் ஒரு கரண்டி வைத்தே பழகிய வீடு இது. அந்த வித்தை எதுவும் இதனிடம் செல்லவில்லை. மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் புதுப்புல்லை உதறி வைப்பது, அட்டைக் குழாய்க்குள் புல்லைச் செருகி உருட்டிவிடுவது, மெல்லிய இலைப்புல்லும் தடித்த தண்டும் கலந்து வைப்பது என்று மூன்று மாதம் பாடுபட்டுத்தான் ஒரு வழிக்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகு ஓராண்டுக்கு மேலாக நாள் முழுக்கத் திமோதி என்ற வகை உலர்புல், மாலையில் ஒரு மேசைக்கரண்டி உங்கள் பெல்லட், சுத்தமான தண்ணீர். ஒரு குறையும் இல்லை. தினமும் சமையலறைத் தராசில் எடை போட்டு ஏட்டில் எழுதுகிறேன். மேல்நிலை வகுப்புக்குக் கணக்குப்பதிவியலும் வணிகவியலும் நடத்தியவளுக்கு எழுதாமல் இருக்கக் கை வராது. ஏட்டில் 530க்கும் 545 கிராமுக்கும் நடுவேதான் அது இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வரும் உறவினர்களிடமிருந்து அதைக் காப்பாற்றியது தனிக்கதை. "ஒரே ஒரு சீப்புச் சீடைதானே ஆச்சி, பாவம் பார்க்கிறதே" என்பார்கள். முந்திரிப் பருப்பை உள்ளங்கையில் வைத்துக் கூண்டுக் கம்பிக்குள் நீட்டுவார்கள். கொழுப்பும் இனிப்பும் இதற்கு ஆகாது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி, கடைசியில் அறைக்கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். வாசல் வழியாக வரவிடாத பண்டத்தை நீங்கள் பையில் போட்டு அனுப்பினீர்கள்.

கடந்த மாதம் வந்த பையின் முகப்பில் அதே பெயர், அதே படம், அதே பச்சை நிறம். விலையும் அதே 1,180 ரூபாய்தான். பிரித்து எவர்சில்வர் சம்படத்தில் கொட்டியபோது சிவப்பும் மஞ்சளுமாகச் சில துண்டுகள் கண்ணில் பட்டன. ஏதோ சத்துக்குச் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். அது என் தவறு. அதையும் ஏட்டில் எழுதியிருக்கிறேன்.

அன்று மாலை கவுனி கிண்ணத்தைக் கிளறி வண்ணத் துண்டுகளையும் சூரியகாந்தி விதைகளையும் பொறுக்கித் தின்றது. பெல்லட் எல்லாம் கூண்டுக்கு வெளியே சிதறிக் கிடந்தன. மறுநாள் புல் தொடப்படவில்லை. மூன்றாம் நாள் புழுக்கையைப் பார்த்தேன். நன்றாக இருக்கும்போது அது நெல்மணி அளவில் கொழுகொழுவென்று இருக்கும். அன்று சீரகம்போல ஒல்லியாக, எண்ணிக்கையிலும் பாதிக்குக் கீழே இருந்தது. அப்போதுதான் முறத்தை எடுத்தேன்.

பையிலிருந்து 100 கிராம் நிறுத்து எடுத்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கினேன். பெல்லட் 58 கிராம். சூரியகாந்தி விதை 17 கிராம். உலர்ந்த திராட்சையும் பப்பாளியும் 9 கிராம். சாயம் ஏற்றிய பொரித்துண்டுகள் 16 கிராம். கூட்டினால் 100. பழைய பையில் பெல்லட்டைத் தவிர வேறு எதுவும் கிடையாது. பைகளை நான் எறிவதில்லை. பழைய பையையும் புதிய பையையும் பக்கத்தில் வைத்துப் பின்புறத்துப் பொடியெழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பழையதில் நார்ச்சத்து 20 சதவீதம், கொழுப்பு 3. புதியதில் நார்ச்சத்து 12, கொழுப்பு 7. முகப்பில் இதைப்பற்றி ஓர் எழுத்து கிடையாது.

சின்சில்லா உணவு விற்கும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருப்பது வேதனை. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலையின் வறண்ட உயரங்களில் முரட்டுப் புல்லும் தழையும் தின்று வளர்ந்த இனம் இது. 1923இல் சாப்மன் என்ற அமெரிக்கர் சிலி நாட்டிலிருந்து 11 சின்சில்லாக்களைக் கப்பலில் கொண்டுபோனார். இன்று வீடுகளில் வளர்வனவற்றில் பெரும்பாலானவை அந்தப் பதினொன்றின் வம்சம் என்கிறார்கள். (கப்பலேறிப் பிழைக்கப் போன வம்சம் என்பதால் எங்கள் ஊருக்கு இது பொருத்தம்தான்.) எத்தனை தலைமுறை கூண்டில் பிறந்தாலும் வயிறு மலையில் இருந்த அதே வயிறுதான். பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும்; புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். குடல் ஓடிக்கொண்டிருப்பதும் அந்த நாரால்தான். நாரைக் குறைத்து இனிப்பைக் கூட்டினால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் நிலைகுலைந்து வாயு கட்டும். வாந்தி எடுத்து வெளியே தள்ளும் வசதி அதற்குக் கிடையாது. உணவை மாற்றவேண்டும் என்றாலும் பழையதில் புதியதைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு மாற்ற வேண்டும். பையில் ஒரு வரி அச்சிட்டிருந்தால் நான் அப்படிச் செய்திருப்பேன், அல்லது வாங்காமலே இருந்திருப்பேன்.

ஒரு கிண்ணத்தில் இனிப்பும் கசப்பும் கலந்து வைத்தால் குழந்தையும் இனிப்பைத்தான் பொறுக்கும். அந்தக் குழந்தைக்குத் தேர்ந்தெடுத்து உண்ணும் இயல்பு என்று பெயர் சூட்டுவது எந்த ஊர் நியாயம்? நான் மூன்று மாதம் பாடுபட்டு மறக்கடித்த பழக்கத்தை உங்கள் பை மூன்று நாளில் திருப்பிக் கொடுத்தது. பெல்லட்டை மட்டும் பொறுக்கி வைத்தேன். கவுனி கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து விதைக்காகக் காத்திருந்தது. ஐந்தாம் நாள் விதையைக்கூடத் தொடவில்லை.

அன்றுதான் உங்கள் பட்டினி வைத்தியம் வந்தது. சின்சில்லா அரை நாளுக்குமேல் எதுவும் தின்னாமல் இருந்தாலே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தின்னாமல் இருந்தால் குடல் நின்றுபோகும். குடல் நின்றால் பசியே எடுக்காது. பசி வந்தால் தின்னும் என்பது நாய்க்குப் பொருந்தலாம். இந்த ஆலோசனையை எழுதியவர் சின்சில்லாவைப் படத்திலாவது பார்த்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இரண்டாவது மின்னஞ்சலில் "உங்கள் பகுதியில் நிலவும் வெப்பம் காரணமாக இருக்கலாம்" என்று எழுதியிருந்தீர்கள். செட்டிநாட்டு வெயில் எனக்குத் தெரியும். 25 பாகைக்குமேல் போனால் சின்சில்லாவுக்கு ஆபத்து என்பதும் தெரியும். கவுனி இருப்பது வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், பழைய சுண்ணாம்புச் சுவர் கொண்ட அறை. வெளியே வெயில் கொளுத்தினாலும் பாதி வெப்பம் சுவரிலேயே நின்றுவிடும். மீதிக்கு ஏசி ஓடுகிறது. படுத்துக் குளிர ஒரு கருங்கல் பலகை போட்டிருக்கிறேன். ஆத்தங்குடிக் கல் அழகாக இருக்குமே என்றார்கள், சாயத்தைக் கொறித்துவிடும் என்று வேண்டாம் என்றேன். சுவரில் வெப்பமானி தொங்குகிறது. அந்த ஆறு நாளும் காலையும் மாலையும் குறித்த அளவு 22க்கும் 23க்கும் இடையே. ஏட்டின் நகலை இணைத்திருக்கிறேன். மின்கட்டண ரசீதையும் இணைத்திருப்பேன். அதைப் பார்த்தால் உங்களுக்கே மயக்கம் வரும்.

போதாததற்கு, பையைப் பிரிக்கும்போது எடுத்த காணொளி இருந்தால்தான் பரிசீலிக்க முடியும் என்கிறீர்கள். தீனிப் பையைப் பிரிப்பதை யார் படம் எடுத்து வைப்பார்கள்?

ஆறாம் நாள் கவுனியின் எடை 492 கிராம். 540இலிருந்து 48 கிராம் குறைவு. உடம்பில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு. இரவு வெயில் தாழ்ந்தபின் வாடகைக் காரில் ஏசி போட்டு மதுரைக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் பற்கள் சரியாக இருந்தன. குடலில் வாயு கட்டி ஓட்டம் தளர்ந்திருந்தது. ஐந்து நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நார்ச்சத்துத் தூளைக் குழைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து வாயோரத்தில் சிறிது சிறிதாக ஊட்டினேன். இரவு இரண்டு மணிக்கும் எழுந்தேன். என் பிள்ளைகளுக்குக்கூட இப்படி ஊட்டியதில்லை; அவர்களுக்கு என் மாமியார் ஊட்டினார்.

இப்போது தேறிவிட்டது. நேற்றைய எடை 533. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அருகம்புல்லைச் சுத்தமான இடத்தில் அறுத்து, அலசி, நிழலில் காயவைத்துத் திமோதியோடு ஒரு பிடி கலக்கிறேன். பிள்ளையார்பட்டியில் ஏற்கப்படும் புல் கவுனியிடமும் ஏற்கப்பட்டது. நாக்கு நீளமான பிராணி என்று நீங்கள் எழுதினீர்கள். காய்ந்த அருகம்புல்லை முதல் நாளே தின்றது.

நான் கேட்பது இதுதான். பையின் விலை 1,180, மருத்துவம், எக்ஸ்ரே, மருந்து எல்லாம் சேர்த்து 4,260, கார் வாடகை 3,200, ஆக 8,640 ரூபாயை அனுப்பிவையுங்கள். ரசீதுகள் இணைப்பில் உள்ளன. தூக்கம் கெட்டதற்கு நான் கணக்கு எழுதவில்லை. பணத்தைவிட முக்கியமாக, பண்டத்தை மாற்றியதைப் பையின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். அல்லது இந்தக் கலவைக்கு வேறு பெயர் வைத்துப் பழைய பெல்லட்டைப் பழைய பெயரிலேயே விற்றுக்கொள்ளுங்கள். இந்தப் பையை வாங்கிய மற்றவர்களுக்கும் தகவல் அனுப்புங்கள். பட்டினி போடச் சொல்லும் அந்தப் பதிலை உங்கள் கணினியிலிருந்து இன்றே நீக்குங்கள்; இது எனக்காகக் கேட்பதல்ல.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள், பிராணிகளின் உணவு பற்றித் தெரிந்த ஒருவர் கையெழுத்திட்ட பதில் வேண்டும். சிரித்த முகப் பொம்மை வேண்டாம். நான் வகுப்பில் நடத்தியது 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2019இல் வந்த புதுச்சட்டத்தை ஓய்வுபெற்றபின் படித்துக்கொண்டேன். உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நான் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம் என்கிறது அது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பண்டத்துக்குக் கட்டணமும் கிடையாது. சிவகங்கைக்குப் பஸ் இருக்கிறது.

பொறுக்கிய விதைகளும் பழத்துண்டுகளும் பொரியும் தனித்தனிப் பொட்டலங்களாக, எடை எழுதி, என்னிடம் இருக்கின்றன. சாட்சியம் என்பதால் அவற்றைத் தபாலில் அனுப்ப இயலாது. உங்கள் ஆள் யாராவது வந்தால் என் வீட்டுத் தராசிலேயே நிறுத்துப் பார்க்கலாம். மாலை ஆறு மணிக்குமேல் வரச் சொல்லுங்கள். அதற்குமுன் கவுனி தூங்கிக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காரைக்குடி.

இணைப்பு: இரண்டு பைகளின் படங்கள், எடை ஏட்டின் நகல், மருத்துவக் குறிப்பு, ரசீதுகள்.